ஒளிபரப்பு உறுதியாகும் வரை காத்திருப்பதா? தருமபுரி, கிருஷ்ணகிரி கால்பந்துக் கழகங்களின் முன்னுள்ள முடிவு

எங்கள் கழகத்தின் கடைசிக் கூட்டத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே கேள்வியைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். மாநில அளவிலான லீகில் ஆட இடம் கிடைத்தால், அதன் தொலைக்காட்சி ஒளிபரப்பும் ஸ்பான்சரும் முடிவாகாத நிலையிலேயே ஒப்புக்கொள்வதா, அவை எழுத்தில் வரும் வரை பொறுத்திருப்பதா என்பதே அந்தக் கேள்வி. ஆடும் பிள்ளைகள் அனைவரும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள். பல ஆண்டுகளாகக் கழகத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதிவரும் எனக்கு அவ்வளவு எளிதாகத் தலையசைக்க முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் உள்ள மற்றக் கழகங்களும் இன்றோ நாளையோ இதே இடத்தில் நிற்கப்போகின்றன என்பதால், எங்கள் முன்னிருந்த வழிகளையும் அவற்றில் நான் கண்ட நிறைகுறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

சிக்கலின் வேர் பழமொழியிலேயே இருக்கிறது: கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். ஸ்பான்சராக வர நினைக்கும் நிறுவனம் எந்தத் தொலைக்காட்சியில் வரும் என்று முதலில் கேட்கிறது. தொலைக்காட்சியோ யார் ஸ்பான்சர் என்று கேட்கிறது. இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து நிற்கும் இடைவெளியில் போட்டி தொடங்கும் நாள் தள்ளிப்போகிறது. கால்பந்துக்கு இந்தச் சிக்கல் கிரிக்கெட்டைவிடக் கடுமையாக இருப்பதற்கு ஆட்டத்தின் அமைப்பே காரணம். இருபது ஓவர் கிரிக்கெட்டில் இரண்டு அணிகளும் சேர்ந்து நாற்பது ஓவர்கள் வீசும்போது, ஒவ்வோர் ஓவர் முடிவிலும் ஒரு விளம்பரம் போட இடம் கிடைக்கிறது. விக்கெட் விழும்போது இன்னொன்று. கால்பந்தில் 45 நிமிடம் தொடர்ந்து ஆட்டம், நடுவே 15 நிமிட இடைவேளை, மீண்டும் 45 நிமிடம். அந்த இடைவேளையில்தான் பார்ப்பவர் எழுந்து போகிறார். 2016இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகைக் காட்டி, கிரிக்கெட்டுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாட்டின் முதன்மையான லீகே இந்த நிச்சயமின்மையிலிருந்து தப்பவில்லை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பரில் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ஒரே தரப்பிடம் 700 கோடி ரூபாய்க்கு ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தத்தின் மேல்தான் 2014இல் இந்தியன் சூப்பர் லீக் எழுந்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தபோது, அதற்குப் பின் என்ன என்பது முடிவாகாததால், 2025 ஜூலையிலேயே அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் அந்த லீகில் ஆடும் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது, பெங்களூரு எஃப்.சி. வீரர்களின் ஊதியத்தை நிறுத்திவைத்தது. கூட்டமைப்பு புதிதாக டெண்டர் கோரியபோது, நவம்பரில் கெடு முடியும் வரை ஒருவரும் விலை கேட்டு வரவில்லை. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போய்ப் பெங்களூரின் கண்டீரவா மைதானத்தில் ஆட்டம் பார்த்து வந்த இளைஞர்கள் அந்த மாதங்களில் என்னிடம் கேட்ட கேள்வி எனக்கு மறக்கவில்லை: அவ்வளவு பெரிய கழகத்துக்கே இப்படி என்றால், நமக்கு யார் இருக்கிறார்கள்? ஒரே வருவாயின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றிவைத்தால், அது சரியும் நாளில் கீழே நிற்பவர் அனைவரும் நசுங்குவார்கள் என்பதையே நான் அந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொண்டேன்.

இனி வழிகளைப் பார்ப்போம். முதல் வழி, லீகை நடத்துபவர்கள் ஏதேனும் ஒரு செயற்கைக்கோள் அலைவரிசையுடன் ஒப்பந்தம் முடிக்கும் வரை காத்திருப்பது. இது வெறும் கனவு என்று தள்ளிவிட முடியாது. 2024இல் ஆறு அணிகளுடன் தொடங்கிய சூப்பர் லீக் கேரளா முதல் பருவத்திலேயே விளையாட்டு அலைவரிசையிலும் செல்பேசிச் செயலியிலும் நேரலையாக வந்தது. ஆனால் அங்கே கோழிக்கோடு, மலப்புரம், கண்ணூர் போன்ற ஊர்களில் கால்பந்துக்கு ஏற்கெனவே கூட்டம் இருந்தது. தொலைக்காட்சி அந்தக் கூட்டத்தைத் தேடி வந்தது. நம் மாவட்டங்களில் அந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. தொலைக்காட்சி வந்தால் கூட்டம் வரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். மேலும் பத்து அணிகள் உள்ளூரிலும் வெளியூரிலுமாக ஒருவரோடு ஒருவர் இருமுறை மோதினால் மொத்தம் 90 ஆட்டங்கள் வரும். எந்த அலைவரிசையும் ஒரு மாநில லீகின் 90 ஆட்டங்களையும் காட்டாது. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ தேர்ந்தெடுக்கும்போது அவை சென்னை, கோவை, மதுரை அணிகள் ஆடுபவையாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. அப்படியானால் நம் ஊரில் நடக்கும் ஒன்பது ஆட்டங்களில் ஒன்று தொலைக்காட்சியில் வந்தால் அதுவே பெரிது. தொலைக்காட்சியில் மாலை ஏழு மணி ஆட்டம் வேண்டுமென்றால் ஒளிபரப்புக்குப் போதுமான விளக்குக் கம்பங்கள் வேண்டும். நான்கு மணி வெயிலில் ஆடிப் பழகிய நம் மைதானங்களுக்கு அந்தச் செலவை யார் செய்வது என்பதற்குக் கூட்டத்தில் ஒருவரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது வழி, அலைவரிசையிடம் நேரத்தை நாமே விலை கொடுத்து வாங்குவது. சிறிய அலைவரிசைகள் அரை மணி, ஒரு மணி என்று நேரத்தை விற்கின்றன. சித்த மருத்துவ நிகழ்ச்சிகளும் மனை விற்பனை நிகழ்ச்சிகளும் அப்படித்தான் வருகின்றன. நேரத்துக்கான பணம், பல கேமராக்களுடன் ஓபி வேன் எனப்படும் நேரலை ஒளிபரப்பு வண்டி, அதன் பணியாளர்களுக்குத் தங்குமிடம், உணவு என்று எல்லாச் செலவும் நம் தலையில் விழும். ஊரார் பெருமைப்படுவார்கள் என்பதற்காக ஒரு பருவத்தின் பயிற்சிப் பணத்தை இரண்டு மாலைகளில் செலவிடுவதற்கு என் கை எழவில்லை. பொதிகை என்ற பெயரில் நாம் அறிந்திருந்த அரசு அலைவரிசை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என மாறியது. அதை நடத்தும் பிரசார் பாரதி அதே ஆண்டு நவம்பரில் வேவ்ஸ் என்ற செயலியையும் தொடங்கியது. இறுதிப் போட்டியையாவது அங்கே காட்டும்படி லீகை நடத்துபவர்கள் முறையாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கேட்கும் விளையாட்டுச் செயலிகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அவற்றில் பணம் கட்டிப் பார்க்கும் அளவுக்கு நம் கழகத்துக்கு இன்னும் ரசிகர் சேரவில்லை.

மூன்றாவது வழி உள்ளூர்க் கேபிள். இதைப் பேசத் தொடங்கியதும் கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். கோயில் திருவிழாவும் காதணி விழாவும் காட்டுகிற இடத்தில் நம் ஆட்டமா என்று. அவர்களுக்கு நான் மிசோரத்தை எடுத்துச் சொன்னேன். அங்கே 2012இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய மிசோரம் பிரீமியர் லீக், நாட்டளவிலான அலைவரிசை எதையும் எதிர்பார்க்காமல், உள்ளூர்க் கேபிள் நிறுவனத்தோடு கைகோத்து நேரலையாக மாநிலத்தின் வீடுகளுக்குள் போனது. 2014இல் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை மிசோரம் வென்றது. 2016–17இல் அம்மாநிலத்தின் ஐஸ்வால் எஃப்.சி. தேசிய லீகான ஐ-லீக் பட்டத்தை வென்றது. கேபிள் காட்டியதால் மட்டுமே இவை நடந்தன என்று நான் சொல்லவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் ஆடுவதைத் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்த ஊர், அவனுக்கு எதிரே ஆடத் தன் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் என்பதை நம்ப எனக்குப் பெரிய ஆதாரம் தேவையில்லை. மாங்காய்ச் சந்தையில் நின்றபடி நேற்று இடது பக்கம் ஓடிய பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒருவர் கேட்டால், அன்றிலிருந்து அந்த அணிக்கு ஓர் ஊர் சொந்தமாகிவிடுகிறது.

நான்காவது வழி நம் சொந்த யூடியூப் நேரலை. இதற்கான ஆட்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தை, மாசி மாதங்களில் கிருஷ்ணகிரிப் பகுதியில் எருது விடும் விழா நடக்கும் ஊர்களில் எல்லாம் கேமராவோடு நிற்கும் இளைஞர்கள், விழா முடியும் முன்பே காட்சிகளை ஏற்றிவிடுகிறார்கள். தருமபுரிப் பக்கம் இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தையும் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். விடியும் வரை கூத்தைப் படம் பிடிக்கத் தெரிந்தவருக்கு இரண்டு மணி நேரக் கால்பந்தைப் படம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது கடினமல்ல. மைதானத்தின் மேற்குப் பக்கத்தில், நடுக்கோட்டுக்கு நேராக, ஓர் ஆள் உயரத்துக்கு இருமடங்கு மேலே சாரம் கட்டி, மாலை வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி ஒரே ஒரு நல்ல கேமராவை நிறுத்தினால், பந்து எங்கே போகிறது என்பது பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரியும். தரையில் நின்று பிடிக்கும் மூன்று கேமராக்களைவிட அது மேல்.

இந்த வழியில் பண வரவைப் பற்றி மட்டும் யாரும் மயங்கக் கூடாது. யூடியூபில் விளம்பர வருவாய் பெற 1,000 சந்தாதாரர்களும், 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒருவர் சராசரியாக 20 நிமிடம் பார்ப்பதாக வைத்துக்கொண்டால், 4,000 மணி நேரம் சேர 12,000 பார்வைகள் வேண்டும். அதைத் தாண்டிய பிறகும் கிடைப்பது நடுவர் படிக்கே போதுமா என்பது ஐயம். இன்னொன்றையும் அனுபவத்தில் கற்றோம். இடைவேளையில் மைக்செட்காரர் வழக்கம்போல் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டால், பாட்டின் உரிமையாளர் சார்பில் யூடியூபின் தானியங்கி முறை அந்தக் காட்சியைப் பிடித்துக்கொள்ளும். ஒலி அடைபடலாம், முழு ஆட்டமே மறைக்கப்படலாம், வருவாய் பாட்டின் உரிமையாளருக்குப் போகலாம். பறையும் நாதஸ்வரமும் வாசிக்க உள்ளூர்க் கலைஞர்களை அழைப்பதே இதற்கு நல்ல மாற்று. அதில் எனக்குத் தனி ஆசையும் உண்டு.

கூட்டத்தில் கேபிளா, யூடியூபா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது தவறு என்பது என் எண்ணம். நேரலைக்கு விநாடிக்கு ஐந்து மெகாபிட் அளவுக்கேனும் தடையில்லாத பதிவேற்ற வேகம் வேண்டும். மைதானத்தில் ஆயிரம் பேர் கூடி எல்லோரும் செல்பேசியை எடுத்தால் டவர் திணறும். சிம் கார்டை நம்பிய நேரலை சரியாகக் கோல் விழும் நேரத்தில் நின்றுபோகும். மைதானம் வரை ஃபைபர் கம்பி இழுத்துக் கொடுக்கக்கூடியவர் உள்ளூர்க் கேபிள் ஆபரேட்டர்தான். பல ஊர்களில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுப்பவரும் அவரே. எனவே அவரிடம் ஆட்டத்தை இலவசமாகக் காட்ட அனுமதி கொடுத்து, பதிலுக்கு ஃபைபர் இணைப்பைக் கேட்டால், ஒரே கேமராவின் காட்சி கேபிளிலும் போகும், யூடியூபிலும் போகும். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் செட்-டாப் பாக்ஸில் பார்ப்பார்கள். திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் செல்பேசியில் பார்ப்பார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் நிறைய இருப்பதால், அங்கே நடக்கும் ஆட்டங்களுக்குத் தமிழ் வர்ணனையின் இடையிடையே அந்த மொழிகளிலும் நாலு சொல் பேசும் ஒருவர் அமைந்தால் இன்னும் நல்லது.

ஸ்பான்சர் பக்கம் வந்தால், முதலில் எல்லோரும் ஓசூரைக் கைகாட்டுகிறார்கள். டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்று பெயர்களை அடுக்கி, இவ்வளவு ஆலைகள் இருக்கும்போது ஒரு லீகுக்கு ஆதரவு கிடைக்காதா என்கிறார்கள். நான் கண்ட வரையில், ஆலையில் இருக்கும் மேலாளர் நம்மை அன்பாக உட்காரவைத்துப் பேசினாலும் விளம்பரப் பணத்தை முடிவு செய்பவர் அவரல்ல. அந்த முடிவு தலைமையகத்தில் நடக்கிறது. தலைமையகம் கேட்கும் முதல் கேள்வியே எந்தத் தொலைக்காட்சி என்பது. சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம் என்பது அடுத்த யோசனை. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் இலாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கிராமப்புற விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சியும் அந்தப் பட்டியலில் உள்ளது. ஆனால் தம் பொருளுக்கு விளம்பரப் பயன் கிடைக்கும்படி செய்யும் ஸ்பான்சர் செலவை அந்தக் கணக்கில் காட்ட விதி இடம் தரவில்லை. ஆகவே சிறுவர் பயிற்சி முகாமுக்கும், பந்துக்கும், காலணிக்கும் அந்த நிதியைக் கேட்கலாம். லீக் அணியின் ஜெர்சியில் பெயர் போட்டுக்கொள்ளும்படி கேட்பது அவர்களுக்கும் நமக்கும் தலைவலி. இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம் எழுதாமல் ஒன்றாகக் கலந்து எழுதியதால்தான் எங்கள் கடிதங்கள் பல பதிலின்றிப் போயின என்று இப்போது நினைக்கிறேன்.

பெரிய ஸ்பான்சர் ஒருவரையே நம்புவதில் உள்ள ஆபத்தை நான் பட்டறிந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் வாய்மொழியாக ஒப்புக்கொண்டதை நம்பி, அதன் பெயரை ஜெர்சியில் அச்சிட்டு, நோட்டீஸும் அடித்துவிட்டோம். ஆட்டம் தொலைக்காட்சியில் வராது என்று தெரிந்ததும் அவர்கள் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அச்சகத்துக்கும் தையல்காரருக்கும் கொடுக்க வேண்டிய பணத்தை நாங்கள் நான்கு பேர் பல மாதங்கள் பங்கு போட்டுக் கட்டினோம். சட்டம் மாறினாலும் ஸ்பான்சர் போவார். 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு தடை செய்தபோது, இந்தியக் கிரிக்கெட் அணியின் ஜெர்சியிலிருந்த நிறுவனமே விலகியது. கிரிக்கெட்டுக்கு அடுத்த மாதமே வேறொரு நிறுவனம் வந்தது. நமக்கு அப்படி வரிசையில் யாரும் நிற்கவில்லை.

ஆகவே நான் விரும்புவது சிறு தொகைகளால் ஆன ஆதரவு. கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள், தருமபுரி கடைவீதியின் ஜவுளி, நகைக் கடைகள், தனியார் மருத்துவமனைகள், கல்லூரிகள், ஓசூரின் சிறு உதிரிபாகப் பட்டறைகள் என்று இருபது பேர் ஆளுக்கு ஒரு பலகை வைத்தால், இருவர் விலகினாலும் அணி நிற்கும். இவர்களுக்கு வேண்டிய வாடிக்கையாளர்கள் இங்கே இருப்பவர்கள்தான். சென்னைப் பார்வையாளருக்காக அவர்கள் பணம் கொடுக்கவில்லை. இதிலும் குறை இருக்கிறது. இருபது பேரிடம் வசூலிக்க இருபது முறை நடக்க வேண்டும். எல்லோரும் ஒரே பருவத்தை நம்பியிருந்தால் ஒன்றாகவே வற்றிவிடுவார்கள். 2025இல் மாம்பழ விலை சரிந்து விவசாயிகள் போராடிய பருவத்தில், மாவோடு தொடர்புள்ள எவரிடமும் நன்கொடைப் புத்தகத்தை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. பாதிப் பலகைகளாவது மாந்தோப்பைச் சாராத தொழில்களிலிருந்து வர வேண்டும். கழகத்தின் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்பதையும் பொருளாளர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

நன்றாக ஆடினால் பணமும் தொலைக்காட்சியும் தாமே வந்துவிடும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்களுடைய நம்பிக்கையை உடைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம் மாநிலத்தின் கதை அப்படி இல்லை. கோவையில் ஆடி 2018–19இல் ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணி இன்று தேசிய லீக்குகளில் இல்லை. 2018இலும் 2023இலும் தமிழ்நாட்டு மகளிர் அணி தேசிய சாம்பியன் ஆனது. அந்தப் பெண்களில் ஒருவரின் பெயரையாவது நம் கடைவீதியில் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவையும் ஒப்பிட்ட பிறகு, நான் கூட்டத்தில் முன்வைத்த முடிவு இது. ஒளிபரப்பு முடிவாகாவிட்டாலும் லீகில் சேரலாம். ஆனால் வரவுத் திட்டத்தில் தொலைக்காட்சிக்கு நேரே பூஜ்யம் எழுத வேண்டும். பயணம், உணவு, நடுவர் படி, காப்பீடு ஆகியவற்றுக்கான பணத்தில் பாதியேனும் முதல் ஆட்டத்துக்கு முன் கழகத்தின் வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ஸ்பான்சருடன் எழுதும் ஒப்பந்தத்தில் மைதானப் பலகைக்கும் ஜெர்சிக்கும் ஒரு தொகை, தொலைக்காட்சியில் வந்தால் கூடுதலாக ஒரு தொகை என்று பிரித்து எழுத வேண்டும். ஒளிபரப்பு வரவில்லை என்பதைக் காட்டி முதல் தொகையை யாரும் திரும்பக் கேட்க முடியாதபடி.

எல்லாவற்றையும்விட முக்கியமானது லீகை நடத்துபவர்களிடம் கேட்க வேண்டிய ஒரு வரி. பொதுவாக லீகுகள் எல்லா ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையையும் மொத்தமாகத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. மொத்தமாக விற்றால் விலை கூடும் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனால் ஒருவரும் வாங்காத உரிமை பூட்டிய அறையில் கிடந்தால், நம் ஊரில் நடக்கும் ஆட்டத்தை நாமே நம் கேபிளில் காட்ட முடியாது. ஆகவே லீகின் ஒளிபரப்பாளர் காட்டாத ஆட்டங்களை அந்தந்த ஊர்க் கழகம் கேபிளிலும் இணையத்திலும் காட்டிக்கொள்ளலாம், பதிவின் ஒரு பிரதி கழகத்துக்கும் சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். ஒரு பையனை வேறு கழகத்தின் பயிற்சியாளர் பார்க்க வேண்டுமென்றாலும், அடுத்த ஆண்டு ஸ்பான்சரிடம் காட்ட வேண்டுமென்றாலும், அந்தப் பதிவுதான் நம் கையில் இருக்கும் சொத்து.

அந்த வரியை எழுதித் தர மறுத்தால் இந்த ஒரு பருவம் லீகை விட்டுவிட்டு, இரு மாவட்டங்களின் கழகங்களும் சேர்ந்து நமக்குள் ஆடி, அதே கேமராவால் காட்டுவோம் என்றேன். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. கோல் காப்பாளர் எழுந்து, தனக்கு வயது இருபத்தைந்து ஆகிறது, இன்னொரு பருவம் காத்திருக்கச் சொல்கிறீர்களா அண்ணா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன் லீகுக்கு எழுதும் கடிதத்தில் அந்த வரியைச் சேர்க்கும் பொறுப்பை என்னிடமும், கேபிள் ஆபரேட்டரிடம் பேசும் பொறுப்பை அவரிடமும் ஒப்படைத்துக் கூட்டத்தை முடித்தோம்.